ராய்லியின் நாலாயிரம் விபத்துகள்

விபத்தில் பிழைத்து வந்தவரைப் பார்த்து, "கடவுள் காப்பாற்றிவிட்டார்" என்று நீங்களும் ஒருமுறையாவது சொல்லியிருப்பீர்கள், இல்லையா? அப்படியானால் பதில் சொல்லுங்கள்: அதே காரில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் செத்துப்போனாரே, அவரைக் கைவிட்டது யார்?

எனக்கும் நெடுநாள் பதில் தெரியாது. பதில் தெரிந்த ஒரு பெண்மணி ஸ்வீடனில், எங்கள் ட்ரொல்ஹெட்டான் ஊரில், நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே, எனக்கு ஒரு மாடி மேலே இருந்தார். பெயர் ராய்லி கெத்துனென். அவரிடம் கேட்டால் தத்துவம் பேசமாட்டார். "எந்த வருஷ வண்டி? எந்தப் பக்கம் இடிச்சது? பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் செத்தவர் ஏன் செத்தார், பிழைத்தவர் ஏன் பிழைத்தார் என்று பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவார்.

ராய்லி 1970-இல் பின்லாந்திலிருந்து வந்தார். வயது பத்தொன்பது. கையில் ஒரு பெட்டி, வாயில் நாலு ஸ்வீடிஷ் வார்த்தை. அன்று எங்கள் ஊருக்கு வந்த எல்லாரையும்போல அவரையும் கார்த் தொழிற்சாலை வாரிக்கொண்டது. இருக்கை உறை தைக்கும் பிரிவில் உட்காரவைத்தது. பதினாறு வருடம் கழித்து நானும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன், கதவு பொருத்தும் வரிசைக்கு.

தொழிற்சாலையின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த ஊரில் அதற்குப் பெயர் சொல்லவேண்டிய தேவை இருந்ததே இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து போர்விமானங்களுக்குத் தேவை குறையும் என்று தெரிந்ததும் விமானம் செய்தவர்கள் கார் செய்யப் புறப்பட்டார்கள். முதல் காரை வரைந்தவர்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று கிண்டல் செய்வார்கள். தெரியாதது நல்லதாயிற்று; ஊரார் செய்வதுபோலத்தான் செய்யவேண்டும் என்ற பயம் அவர்களிடம் இல்லை. காரின் உடலை விமான இறக்கைபோல வளைத்தார்கள். சாவித் துளையைக் கொண்டுபோய் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையோரமாக வைத்தார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டீயரிங் அருகே தொங்கும் சாவி, மோதலில் முழங்காலைக் கிழித்துவிடும் என்பதற்காக வைத்தது அது. காரணம் தெரிந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்தக் காரை வாங்கினார்கள். வாத்தியார்கள், பல் மருத்துவர்கள், கட்டட வரைவாளர்கள். கேள்வி கேட்கும் ஜனங்கள்.

தொழிற்சாலையில் நால்வர் கொண்ட ஒரு குழு இருந்தது. நாட்டில் எங்கள் கார் எங்கே மோதினாலும் அவர்கள் அங்கே போவார்கள். நொறுங்கிய வண்டியை அளப்பார்கள், படமெடுப்பார்கள், ஓட்டியவரை ஆஸ்பத்திரியில் பார்த்துப் பேசுவார்கள். குழுவின் தலைவர் ஸ்தூரே. ஒருநாள் அவர் ஒரு கிழிந்த இருக்கையைத் தோளில் சுமந்துகொண்டு தையல் பிரிவுக்குள் வந்தார்.

"உங்க தையல் பிஞ்சிருக்கு. ஒரு மனுஷன் முதுகெலும்பு போச்சு. யாரு தைச்சது இது?"

எல்லாரும் குனிந்துகொண்டார்கள். ராய்லி எழுந்துபோய் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது பிஞ்சதில்ல. அறுத்தது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நூல் நுனியப் பாரு, எல்லாம் ஒரே நீளம். பிஞ்சா பிசிறடிக்கும். ஆள வெளிய எடுக்க எவனோ கத்தி போட்டிருக்கான். நீ தப்பான எடத்தப் பாக்குற, ஸ்தூரே. கீழ பாரு, இருக்கை ஓடுற தண்டு வளைஞ்சிருக்கு. முதுகெலும்பு அங்கதான் போச்சு."

ஸ்தூரே குனிந்து அந்தத் தண்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"டைப் அடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்க. திங்கக்கிழமை மேல வந்துடு."

இப்படித்தான் தையற்காரி விபத்துக் கோப்புகளின் காவல்காரியானார். முப்பத்தைந்து வருடம். ஒவ்வொரு விபத்திலும் ஆளுக்கு ஒரு பழுப்பு அட்டைக் கோப்பு. எந்த இருக்கை, எந்த எலும்பு, அந்த எலும்பை உடைத்தது வண்டியின் எந்தப் பாகம். இருபது கோப்புகளில் ஒரே பாகம் திரும்பத் திரும்ப வந்தால் ராய்லி அவற்றை அடுக்கி எடுத்துக்கொண்டு வண்டியை வரையும் பொறியாளர்களிடம் போவார். அடுத்த வருட வண்டியில் அந்தப் பாகம் மாறியிருக்கும். அறிவியல் என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அது இதுதான்: யாரோ ஒருவருடைய வலியை வீணாக்காமல் எழுதிவைப்பது.

தொடக்கத்தில் ஜனங்கள் உண்மையைச் சொல்லவில்லை. குடித்திருந்ததை மறைத்தார்கள், வேகத்தைக் குறைத்துச் சொன்னார்கள், பெல்ட் போட்டிருந்ததாகச் சாதித்தார்கள். காப்பீட்டுக்காரனுக்கும் போலீசுக்கும் போய்விடுமோ என்ற பயம். சம்மதப் படிவத்தில் "இத்தகவல் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஒரு வரி இருந்தது. ராய்லிக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. யாரிடமிருந்து ரகசியம்? எத்தனை நாளைக்கு? அவரே உட்கார்ந்து புதிய வரி எழுதினார்: "இத்தகவல் இந்த நிறுவனத்துக்கு வெளியே எவருக்கும், எக்காலத்திலும் தரப்படமாட்டாது." அந்த வரிக்குப் பிறகு ஜனங்கள் வாய் திறந்தார்கள். ஒருவர், தன் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று சொல்லி, ஓட்டும்போதே தூங்கிவிட்டதை ஒப்புக்கொண்டார். கோப்புகளின் மதிப்பு முழுதும் அந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

அந்த வரியில் ஓர் ஓட்டை இருந்தது. ராய்லியும் பார்க்கவில்லை, பொறியாளர்களும் பார்க்கவில்லை, சட்டப்பிரிவும் பார்க்கவில்லை. நிறுவனம் என்று ஒன்று இல்லாமல் போனால்? இந்த ஊரில் யாருக்கும் அப்படி ஒரு கேள்வி எழுந்ததே கிடையாது. ஆறு வற்றினால் என்ன செய்வோம் என்று யார் யோசித்தோம்?

கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்து எங்களை வாங்கியது. வாங்கியவர்களுக்கு எங்கள் கிறுக்குத்தனம் விளம்பரத்துக்கு வேண்டியிருந்தது; செலவாக வந்தபோது வேண்டாததாகிவிட்டது. நால்வர் குழு இருவரானது. பிறகு ராய்லி மட்டும், அதுவும் அரை நாள். நஷ்டம் பெருத்ததும் விற்றார்கள். அடுத்து வாங்கியவர்களிடம் கனவு இருந்தது, பணம் இல்லை. 2011 வசந்தத்தில் உதிரிபாகம் வராமல் வரிசை நின்றது. பாதிக் கதவு பொருத்திய வண்டிகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று எட்டு மாதம். டிசம்பரில், எல்லார் ஜன்னலிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு எரிந்துகொண்டிருந்த வாரத்தில், திவால் என்று வானொலி சொன்னது. மூவாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. ராய்லிக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருந்தது.

அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் திவால் நிர்வாகியைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். கோத்தன்பர்க்கிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர், போந்துஸ் என்று பெயர். மரியாதையான ஆள். காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

"நெலவறையில நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு கோப்பு இருக்கு. பல்கலைக்கழகத்துக்குக் குடுத்துடணும்," என்றார் ராய்லி.

"நானும் பாத்தேன், ராய்லி. குடுக்க முடியாது. மருத்துவத் தகவல். வெளிய போகாதுன்னு எழுதிக் குடுத்துத்தானே வாங்கியிருக்கீங்க?"

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"நிறுவனமே இப்ப இல்ல. இனி எல்லாருமே வெளி ஆளுங்கதான். நீயும்கூட."

ராய்லி கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப என்ன பண்ணுவ?"

"விக்கிறதுக்கும் வழியில்ல, வெச்சிருக்கறதுக்கும் வழியில்ல. அழிக்கணும். பிப்ரவரி கடைசிக்குள்ள கட்டடத்தக் காலி பண்ணணும்."

நான் கத்திவிட்டேன். "தொழிற்சாலை மியூசியத்துல இருக்கிற பழைய காரெல்லாம் விலைக்குப் போகுதுன்னு ஊரே அழுவுது! அதக் காப்பாத்த நகராட்சி பணம் தேடுது! ஒரு பம்பருக்கு இருக்கிற மரியாத மனுஷன் எலும்புக்கு இல்லயா?"

போந்துஸ் என்னைக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "அவங்கவங்க கையெழுத்துப் போட்டுச் சம்மதம் குடுத்தா அந்தக் கோப்ப மட்டும் தரலாம்," என்றார். "ஒவ்வொருத்தரும். தனித்தனியா."

சட்டம் தன் கையைக் கழுவிக்கொண்டு, ஓர் அறுபது வயதுப் பெண்ணின் கையில் ஏழு வாரத்தையும் நாலாயிரம் பேரையும் கொடுத்தது.

ராய்லி மறுநாள் காலையில் தன் சமையலறை மேசையில் பெயர்ப் பட்டியலையும் தொலைபேசியையும் வைத்துத் தொடங்கினார். இந்த நாட்டில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது எவரும் தேடிப் பார்க்கக்கூடிய செய்தி. அந்த ஒன்று எங்களுக்கு உதவியது. எழுபத்தெட்டு வயது ஸ்தூரே மேசையின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். பேசுவது, படிவத்தைத் தபாலில் அனுப்புவது, வராவிட்டால் மறுபடி பேசுவது.

வடக்கே யெம்ட்லாந்திலிருந்து ஒரு விவசாயி, குதிரை அளவு பெரிய மூஸ் மானின்மேல் மோதித் தப்பியவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் கையெழுத்துப் போட்டுர்றேன். அந்த மான்கிட்ட வாங்கிட்டியா?"

"அது வெலாசம் மாறிடுச்சு," என்றார் ராய்லி.

அன்று சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த மேசையில் சிரித்ததாக நினைவில்லை. பாதிப் பேர் படிவத்தைத் திருப்பி அனுப்பவேயில்லை. சிலர், "அத மறந்தாச்சு, தயவுசெஞ்சு கிளறாத," என்று வைத்துவிட்டார்கள். தூங்கிவிட்டதை ஒப்புக்கொண்ட அந்த மனிதரை அழைத்தபோது எடுத்தது அவர் மனைவி; ராய்லி தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டார். நடுவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கட்டாய வகுப்பு வேறு. "உன் திறமைகளை எழுது" என்றார்கள். ராய்லி, "எலும்பு முறிவைப் பார்த்து வண்டியின் பாகத்தைச் சொல்வேன்" என்று எழுதினார். "கணினி தெரியும்னு போட்டுக்கலாமே," என்றாள் வகுப்பு நடத்திய பெண், உண்மையான அக்கறையோடு.

பிப்ரவரி நடுவில் மய்லிஸ் என்ற பெண்மணியை அழைத்தார். 1986-இல் அவர் கணவர் பனிச்சாலையில் உருண்டு இறந்தார். மய்லிஸ் பக்கத்து இருக்கையில் இருந்தவர்.

"உன் கோப்புக்கு மட்டும் சம்மதம் போதும்," என்றார் ராய்லி.

"அவரோடதுக்கும் போடுறேன்."

"செத்தவங்களுக்காக வேற யாரும் போட முடியாதுங்கறாங்க."

"முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ நான். வேற எவன் வந்து போடணும்?"

 ராய்லி அப்போது, முப்பத்தைந்து வருடத்தில் ஒருமுறையும் செய்யாததைச் செய்தார். கோப்பில் இருந்ததைச் சொன்னார். கூரையைத் தாங்கும் முன் தூண் மடங்கியதால் அவர் இறந்தார். அதுபோல ஒன்பது கோப்புகள் சேர்ந்தன. அந்த ஒன்பதையும் வைத்துத் தூணுக்குள் இன்னொரு தகடு சேர்த்தார்கள். அடுத்து வந்த வண்டிகள் அதேபோல உருண்டபோது உள்ளே இருந்தவர்கள் நடந்து வெளியே வந்தார்கள். அந்தக் கோப்புகளும் தன்னிடம் இருக்கின்றன.



"இத ஏன் அப்பவே சொல்லல?" மய்லிஸின் குரல் உடைந்திருந்தது. "இருபத்தஞ்சு வருஷமா அவரு சும்மா செத்தாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ராய்லி தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். நீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிடிக்க ஒரு தம்ளர்கூட எடுக்கவில்லை. ஸ்தூரேதான் எழுந்துபோய் மூடினார்.

"போதும் ராய்லி," என்றார். "கையெழுத்தெல்லாம் கெடக்கட்டும். நெலவறைச் சாவி இன்னும் உங்கிட்டதானே இருக்கு? என் மகனோட வேன் இருக்கு. பட்டப்பகல்ல ஏத்திட்டுப் போயிடுவோம். செத்தவங்க கோப்ப மட்டுமாவது. எவன் எண்ணப்போறான்?"

"மாட்டேன்."

"பின்லாந்துக் கழுத! பிடிச்சா விடமாட்ட!"

"எடுத்துட்டுப் போவோம், ராய்லி," என்றேன் நானும். "நீ வாக்குக் குடுத்தது மனுஷங்களுக்கு. அவங்க வலி வீணாகாதுன்னுதான் அதுக்கு அர்த்தம். காகிதத்துக்கா குடுத்த?"

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு வேற எவனோ, வேற எங்கயோ, இதே மாதிரி ஆஸ்பத்திரியில உக்காந்து கேப்பான். 'உண்மையச் சொல்லு, வெளிய போகாது'ன்னு. நான் திருடினது தெரிஞ்சா அவன்கிட்ட எவன் உண்மையச் சொல்வான்? பொய்யான நாலாயிரம் கோப்ப வெச்சு அவன் என்ன பண்ணுவான்?"

அவர் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அன்று அவர் செய்தது தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். தூணுக்குள் தகடு வைக்கச் சொன்னது அந்த ஒன்பது பேர். அவர்களைத் துண்டுகளாக்க ஒரு வரி போதுமென்றால் அந்த வரியை மீறுவதுதான் அறம். நான் அப்படிச் சொன்னேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சாவியையும் கொண்டுபோய்ப் போந்துஸிடம் கொடுத்துவிட்டார், எங்களுக்குப் பயந்தா, தனக்கே பயந்தா, தெரியாது.

பிப்ரவரி கடைசி நாள் காலை பத்து மணிக்குக் காகிதம் துண்டாக்கும் லாரி வந்தது. கையெழுத்து வந்திருந்தவை எழுநூற்று மூன்று. அவற்றைப் போந்துஸ் எண்ணி, பெட்டிகளில் கட்டி, ராய்லியிடம் ஒப்படைத்தார். மற்றவை தள்ளுவண்டிகளில் ஏறின. லாரியின் பின்புறத்தில் ஒரு வாய் இருந்தது. பழுப்பு அட்டை உள்ளே போகும், சத்தம் வரும், அடுத்தது போகும். பனியில் நின்று மூன்று மணி நேரம் பார்த்தார் ராய்லி. போந்துஸ் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை. ஒரு கோப்பு தவறிக் கீழே விழுந்தபோது அவரே குனிந்து எடுத்தார். அட்டையைத் திறக்காமல், மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, லாரிக்காரனிடம் நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எழுநூற்று மூன்றும் பல்கலைக்கழகத்துக்குப் போயின. இரண்டு மாதம் கழித்து ஓர் ஆய்வாளரிடமிருந்து கடிதம் வந்தது. கனிவான கடிதம். வேலையின் தரத்தைப் பாராட்டியிருந்தார். ஆனால் ஆய்வுக்குப் பயன்படுத்த முடியவில்லை என்று எழுதியிருந்தார். கையெழுத்திட முடிந்தவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். மோதலில் இறந்த ஒருவர்கூட இந்தத் தொகுப்பில் இல்லை. "இதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், உங்கள் காரில் எவருமே சாகவில்லை என்றாகிறது."

ராய்லி கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். மடித்து உறையில் போட்டார்.

"அந்தாளு சொல்றது சரி," என்றார். "நானா இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்."

அவ்வளவுதான். தன் வாழ்நாள் உழைப்பு செல்லாது என்று சொன்ன கடிதத்தில் அவர் தேடிப் பார்த்தது, வாதம் சரியா என்பதை மட்டும். அதன்பின் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஓய்வூதியம் வரும்வரை வகுப்பு வகுப்பாகப் போய்வந்தார். மியூசியத்துக் கார்கள் தப்பிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வளைவுகளைத் தடவிப் பார்க்கிறார்கள். சாவி ஏன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது என்று அங்கே ஓர் அட்டையில் எழுதியிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள யாருடைய முழங்கால் கிழிந்தது என்று எழுதவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும் ஊரிலும் இன்று ஒரு வண்டி மோதும். மாலைக்குள் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள். விதி என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ சாலையில் அடிபட்டிருந்தால் ஒரு தாள் எடுங்கள். எந்த வண்டி, எந்த இருக்கை, பெல்ட் இருந்ததா, எந்த எலும்பு, எதில் இடித்து உடைந்தது என்று எழுதுங்கள். வேகத்தை மறைக்காதீர்கள். குடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். கடைசியில் இந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்: "இதை ஆராய விரும்பும் எவரும் படிக்கலாம், நான் இறந்த பிறகும் படிக்கலாம்." ஒரு படியை வீட்டில் வையுங்கள், இன்னொன்றை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். வாங்கமாட்டோம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போட உங்களால் முடிகிற இந்த நாளிலேயே செய்யுங்கள்.